பிள்ளையின் அறைக்கு ரப்பர் மரக் கட்டிலும் ஆப்பிரிக்கத் துணியும்: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டு இறுதியிலும் தீபாவளிக்கு முன்பும் வீட்டுக்குச் சாயம் பூசும்போது, பிள்ளைகளுக்கென ஓர் அறையை ஒதுக்கிக் கொடுக்கப் பல குடும்பங்கள் நினைக்கின்றன. தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த பெற்றோருக்குப் பெரும்பாலும் அப்படி ஓர் இடம் இருந்ததில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, சாப்பாட்டு மேசையிலோ தரையிலோ பாடம் எழுதி வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால்தான் இன்று சுமார் 700 சதுர அடி கொண்ட பிபிஆர் அடுக்குமாடி வீட்டிலும் பிள்ளைக்கு ஒரு மூலையாவது வேண்டும் என்று விரும்புகிறார்கள். அதே வேளையில், செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

உறுதியான ஒரு கட்டில், உயரம் சரியாக அமைந்த ஒரு மேசை, கண்ணுக்கு இதமான சில கஜம் பருத்தித் துணி ஆகியவை இருந்தால் பிள்ளையின் அறைக்கு அடிப்படை அமைந்துவிடும். கட்டிலுக்கும் மேசைக்கும் உள்நாட்டு ரப்பர் மரம் ஏற்றது. துணிக்கு, அண்மைய ஆண்டுகளில் இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆப்பிரிக்க அச்சுத் துணிகளைப் பார்க்கலாம். இரண்டும் நம் வட்டாரத்தோடு தொடர்புள்ளவை. எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பால் வெட்டிய மரம்

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்குரியது. இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877-ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு தோட்டங்கள் பெருகியதும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் பால் வெட்டியதும் எல்லாரும் அறிந்த வரலாறு.

ஒரு ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை ஆதாயமாகப் பால் தரும். அதன் பிறகு வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் விறகாகப் போனது. பலகையாக அறுத்தால் நிற்காது என்பதே காரணம். இம்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும். வண்டும் துளைக்கத் தொடங்கும்.

போரான் கலந்த கரைசலை அழுத்தத்தோடு பலகைக்குள் செலுத்தி, பிறகு சூளையில் உலர்த்தும் முறை பரவியதும் நிலைமை மாறியது. 1980-களிலிருந்து ரப்பர் மரம் மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பாக ஆனது. ஜொகூரின் மூவார் வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கு செய்யப்படும் கட்டிலும் நாற்காலியும் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பால் தந்து முடித்த மரத்திலிருந்து செய்யப்படுவதால், இதற்காகக் காட்டு மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

கடையில் எதைப் பார்ப்பது?

மலாய் மொழியில் ‘காயு கெத்தா’ என்று கேட்டால் கடைக்காரர்களுக்குப் புரியும். ஆனால், ‘மரக் கட்டில்’ என்று விற்கப்படுவதெல்லாம் முழு மரம் ஆகிவிடாது. மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகையின்மேல் மர நிறத் தாளை ஒட்டியும் விற்கிறார்கள். கட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முழு மரமானால், மேலே ஓடும் ரேகை பலகையின் விளிம்பிலும் தொடரும். தாள் ஒட்டியதானால் விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும்.

ரப்பர் மரத்தின் இயல்பான நிறம் வெளிர்மஞ்சள். சில பலகைகளில் இளஞ்சிவப்புச் சாயலும் இருக்கும். பெரிய பலகைகளில், இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் சிறு துண்டுகளை இணைத்திருப்பார்கள். அது குறையன்று, ரப்பர் மரத்தில் நீண்ட நேரான பலகை கிடைப்பது அரிது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால் வண்டு இருக்கிறது என்று பொருள். அந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

மரத்தூள் பலகையில்தான் அலமாரி வாங்க முடிகிறது என்றால், ஒட்டும் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைட் ஆவி குறைந்த ஈ-1 அல்லது ஈ-0 தரமா என்று கேளுங்கள். புது அலமாரியில் நெடி அடித்தால், சில நாள்கள் கதவுகளைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்த பிறகு பிள்ளையின் அறைக்குள் கொண்டுபோகலாம்.

ரப்பர் மரத்துக்கு ஈரம் ஆகாது. கறையானையும் அது தாங்காது. கழுவிவிடும் சிமெண்டுத் தரையாக இருந்தால், கால்களின் அடியில் ரப்பர் மூடி பொருத்துங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

அளவும் பாதுகாப்பும்

மலேசியாவில் ‘சிங்கள்’ மெத்தை 91 செ.மீ. அகலமும் 190 செ.மீ. நீளமும் கொண்டது. ‘சூப்பர் சிங்கள்’ 107 செ.மீ. அகலம். பதின்ம வயதுவரை ஒரே கட்டில் போதும் என்று நினைப்பவர்கள், அறையில் இடம் இருந்தால் இரண்டாவதை வாங்கலாம்.

இரண்டு பிள்ளைகளுக்கு ‘டபுள் டெக்கர்’ கட்டில் வசதியானது. ஆனால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை மேல்தட்டில் படுக்க வைக்கக்கூடாது. தடுப்புக் கட்டை மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது ஐந்து அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கடையில் அளவு சரியாக இருந்தாலும், பின்னர் தடித்த மெத்தை போட்டால் அந்த உயரம் குறைந்துவிடும். கம்பிகளுக்கிடையே பிள்ளையின் உடல் நழுவி, தலை சிக்கும் அளவு இடைவெளி இருக்கக்கூடாது, 9 செ.மீட்டருக்குள் இருப்பது நல்லது.

நம் வீடுகளில் இன்னோர் ஆபத்து, உத்தரத்தில் சுற்றும் காற்றாடி. மேல்தட்டில் பிள்ளை எழுந்து நின்று கையை நீட்டினாலும் காற்றாடி எட்டாத இடத்தில்தான் கட்டில் இருக்க வேண்டும். இடம் இல்லை என்றால், சுவரில் பொருத்தும் காற்றாடிக்கு மாறுவதே சரி.

அலமாரியையும் புத்தகத் தட்டையும் எல்-வடிவ இரும்புத் துண்டாலும் திருகாணியாலும் சுவரோடு பிணையுங்கள். இழுப்பறைகளைப் படிபோல் திறந்து ஏறுவது பிள்ளைகளின் வழக்கம். அப்போது அலமாரி மேலே சாய்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாடி வீடுகளில், கம்பி போடாத சன்னலுக்கு அருகில் கட்டிலோ நாற்காலியோ வைக்காதீர்கள்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கான மேசையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டே எழுதும். 119 முதல் 142 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு 59 செ.மீ. உயர மேசையும் 35 செ.மீ. உயர நாற்காலியும் பொருந்தும் என்பது ஐரோப்பியப் பள்ளித் தளவாட அளவு. புதிதாக வாங்க முடியாதவர்கள், இருக்கும் நாற்காலியில் தடித்த திண்டு போட்டு, கால் ஊன்ற ஒரு பலகை வைத்தால் போதும். அந்தக் கால்பலகையை உள்ளூர் தச்சரிடம் மீதிப் பலகையில் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆப்பிரிக்கத் துணி என்றால் எது?

ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட கண்டம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித் துணி உண்டு. இணையத்தில் ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று தேடினால் அதிகமாக வருவது மேற்கு ஆப்பிரிக்காவின் மெழுகு அச்சுத் துணி. நைஜீரியாவில் இதை ‘அங்காரா’ என்பார்கள்.

இதன் வேர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஜாவாத் தீவின் பாத்தேக் துணியை இயந்திரத்தில் செய்து மலிவாக விற்க, 19-ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் முயன்றன. மெழுகுக்குப் பதில் மரப்பிசினைப் பயன்படுத்தியதால், துணியில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் விழுந்தன. அத்துணி மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக இன்றைய கானாவில், பெரும் வரவேற்பைப் பெற்றது. டச்சுப் படையில் சேர்ந்து ஜாவாவுக்குப் போன ஆப்பிரிக்க வீரர்கள் ஊர் திரும்பும்போது பாத்தேக் கொண்டுவந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1846-இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் இத்துணியைத் தயாரிக்கிறது. கானாவின் தேமா, ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் ஆகிய நகரங்களிலும் ஆலைகள் எழுந்தன. கோலங்களுக்குப் பெயர் சூட்டி அவற்றைப் பரப்பியவர்கள் ஆப்பிரிக்கச் சந்தைகளின் பெண் வணிகர்கள்.

கிழக்கில், கென்யா, தான்சானியா நாடுகளில் ‘காங்கா’ புகழ்பெற்றது. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட துணி அது. இரண்டு இரண்டாக விற்கப்படும். நாற்புறமும் கரை, நடுவில் கோலம், கீழே சுவாஹிலி மொழியில் ஒரு வாசகம் என்பது அதன் அமைப்பு. ‘கிடெங்கே’ என்பது வாசகம் இல்லாத அச்சுத் துணி.

தென்னாப்பிரிக்காவின் ‘ஷ்வேஷ்வே’, நீலம், பழுப்பு நிறங்களில் பொடிக் கோலம் போட்ட பருத்தித் துணி. புதிதில் கஞ்சி போட்டதுபோல் விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். மாலி நாட்டின் ‘போகோலான்ஃபினி’, புளித்த சேற்றால் சாயமேற்றிய கைத்தறித் துணி. கானாவின் ‘கெந்தே’, நான்கு அங்குல அளவிலான பட்டைகளாக நெய்து இணைக்கப்படுவது.

தமிழரோடு நேரடித் தொடர்புள்ள துணியும் ஒன்று உண்டு. சென்னை வட்டாரக் கைத்தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணிகள் பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்து, சடங்குகளில் உடுத்துகிறார்கள். அம்மக்களின் பெண்கள் அதே துணியில் சில நூல்களை மட்டும் நுட்பமாக அறுத்து உருவி, புதுக் கோலம் படைக்கிறார்கள். ‘பெலெட்டே பிட்டே’ என்பது அக்கலையின் பெயர்.

அசலும் நகலும்

பிள்ளையின் படுக்கைக்குப் பருத்தியே வேண்டும். பாலியெஸ்டர் துணியில் அதே கோலத்தை அச்சிட்டு மலிவாக விற்கிறார்கள். நம் வெப்பத்துக்கு அது ஒத்துவராது, வியர்வையையும் உறிஞ்சாது. ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். துவைத்த பருத்தி உடனே உறிஞ்சும். ஓரத்து நூல் ஒன்றை எடுத்து வெளியிடத்தில் கொளுத்தினால், பருத்தி தாள்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி முத்தாகத் திரளும்.

உண்மையான மெழுகு அச்சில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். வெடிப்புக் கோடுகள் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. பின்பக்கம் வெளுத்திருந்தால் அது சாதாரண அச்சு. சாதாரண அச்சும் பருத்தியாக இருந்தால் சன்னல் திரைக்கும் படுக்கை விரிப்புக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். டச்சு முத்திரைத் துணியின் விலை அதிகம். சீனாவில் அச்சாகும் பருத்தித் துணி மலிவு.

கோலத்தின் பொருளைக் கேட்டு வாங்குங்கள்

ஆப்பிரிக்கத் துணிகளில் பல பேசும் துணிகள். ஆங்கில எழுத்துகள் அச்சிட்ட மெழுகுத் துணி, கல்வியின் பெருமையைச் சொல்வதாகக் கருதப்படுகிறது. பள்ளிப் பிள்ளையின் அறைக்குப் பொருத்தமானது. கானாவின் அடிங்ரா சின்னங்களில், தலையைத் திருப்பிப் பின்னே பார்க்கும் பறவை ‘சங்கோஃபா’ எனப்படும். விட்டு வந்ததைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள் என்பது அதன் பொருள்.

அதே கானாவில் சிவப்பும் கறுப்பும் கலந்த சில துணிகள் துக்க வீட்டுக்கு உரியவை. காங்காவின் வாசகங்களில் வாழ்த்தும் அறிவுரையும் இருப்பதுபோல், அண்டை வீட்டாரையோ போட்டியாளரையோ குத்திக்காட்டும் வரிகளும் உண்டு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாசகத்தின் பொருள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவரிடம் கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் வேறு கோலம் பாருங்கள்.

ஆறு கஜத்தில் என்னென்ன தைக்கலாம்?

மெழுகு அச்சுத் துணி பெரும்பாலும் ஆறு கஜத் துண்டாக விற்கப்படும். அதாவது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம், சுமார் 115 செ.மீ. அகலம். முதலில் துவைத்துக் காயவைத்து, சுருங்கிய பிறகே வெட்ட வேண்டும்.

‘சிங்கள்’ கட்டிலுக்கு விரிப்பு தைக்க, 2.35 மீட்டர் வீதம் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை முழு அகலத்தில் நடுவில் வையுங்கள். இன்னொன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தேவையான அகலத்துக்கு வெட்டி, இரு பக்கமும் இணையுங்கள். இப்படிச் செய்தால் தையல் கோடு படுக்கையின் நடுவில் உறுத்தாது. மீதமாகும் அரை மீட்டர் துணியில் தலையணை உறையின் மேற்பக்கம் வரும். பின்பக்கத்துக்கு வெள்ளைப் பருத்தி போடலாம். பக்கவாட்டில் மிஞ்சும் பட்டைகள் சன்னல் திரையின் கரைக்கு உதவும்.

அண்ணனும் தங்கையும் ஒரே அறையைப் பகிரும் வீடுகளில், ஆறு கஜத்தை இரண்டு திரையாகத் தைத்து, குறுக்கே கம்பி கட்டித் தொங்கவிடலாம். மேலே ஓரடி இடைவெளி விட்டால் காற்று தடைபடாது. உடை மாற்றவும் தேர்வு நேரத்தில் தனியே படிக்கவும் இந்தத் திரை மிகவும் உதவும். வளரும் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இது அலங்காரம் என்பதைவிட அவசியம்.

சிறு துண்டுகளையும் எறிய வேண்டாம். மென்பலகையின்மேல் துணியை இழுத்து ஒட்டினால் பள்ளி அட்டவணை குத்தும் பலகை கிடைக்கும். கட்டிலின் பக்கத்தில் தொங்கும் துணிப்பை, கதைப் புத்தகங்களுக்கு இடம் தரும். தையல் இயந்திரம் இல்லாதவர்கள், வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் அக்கம்பக்கத்து அக்காக்களிடம் கொடுத்தால் அவர்களுக்கும் வருமானம்.

அறை நிறைந்துவிடாமல்

ஆப்பிரிக்க அச்சுகள் அழுத்தமான நிறம் கொண்டவை. சிறிய அறையில் திரை, விரிப்பு, திண்டு எல்லாவற்றிலும் கோலம் இருந்தால் கண் சலித்துவிடும். ஒரே ஒரு கோலத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒரு நிறத்தை மற்ற வெற்றுத் துணிகளுக்குப் பயன்படுத்துங்கள். சுவர் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கட்டும். ரப்பர் மரத்தின் வெளிர்நிறம் இத்துணிகளோடு நன்றாகச் சேரும். அதன்மேல் கடும் பழுப்புச் சாயம் பூசத் தேவையில்லை. வீட்டிலிருக்கும் மலேசியப் பாத்தேக் துணியையும் ஒரு திண்டுக்குப் பயன்படுத்தலாம்.

ஒரு வயது நிறையாத குழந்தையின் படுக்கையில் தலையணை, திண்டு, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. அவ்வயதில் இத்துணிகள் எட்டாத சுவரில் இருப்பதே நல்லது.

துவைப்பும் பராமரிப்பும்

அழுத்தமான நிறத் துணியை முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் துவையுங்கள். சாயம் வெளியேறுவது நின்ற பிறகே மற்றத் துணிகளோடு சேர்க்கலாம். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயவையுங்கள். இழைப்பு உள்ள பிள்ளைகளுக்கு, உடலில் படும் விரிப்பும் உறையும் வெந்நீரில் துவைக்கக்கூடிய வெற்றுப் பருத்தியாக இருக்கட்டும். அச்சுத் துணியைத் திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். சேற்றுச் சாயத் துணியும் கைத்தறிக் கெந்தேயும் அடிக்கடி துவைக்க ஏற்றவையல்ல. அவற்றைச் சுவரில் மட்டும் தொங்கவிடுங்கள்.

பருத்தி எளிதில் தீப்பிடிக்கும். கொசுவர்த்திச் சுருளையும் சாமி விளக்கையும் திரைக்கும் விரிப்புக்கும் அருகில் வைக்கவே கூடாது. பிள்ளையின் அறைக்குக் கொசுவலைதான் பாதுகாப்பானது. ரப்பர் மரக் கட்டிலை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஆண்டுக்கு இருமுறை எல்லாத் திருகாணிகளையும் முடுக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. முதலில் கட்டில், அடுத்து மேசையும் விளக்கும், பிறகு துணி என்று வரிசைப்படுத்திக்கொண்டால் கடன் இல்லாமல் முடிக்கலாம். துணியின் கோலத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கட்டில் வந்து சேர்ந்ததும், அது எந்த மரம், அந்த மரத்தில் பால் வெட்டியவர்கள் யார் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் தோட்ட வரலாறு, அதன்பிறகு பிள்ளைக்குச் சொந்தக் கதையாகிவிடும்.